கடையைப் பூட்டச் சொன்ன மகனுக்கு

அரநாயக்க
14.09.2008

அன்பு மகன் லோரன்ஸுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் தங்கச்சி அனிற்றாவும் சுகமாக இருக்கிறோம், கட்டார் வெயிலில் வாடாமல் நீயும் சுகமாக இருக்கணும் என்று ஜெபம் பண்ணுகிறேன்.

போன ஞாயிறு நீ போனில் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. கிரெடிட் கார்ட் திருடங்ககூட நம்மளால மல்லுக்கட்ட முடியாதும்மா, இன்டர்நெட்டில ஏலக்காய் விக்கிற கடையைப் பூட்டிடுங்க என்றாய். கோபத்தில் போனை வைத்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன். திருட்டுக் கார்டில் ஆர்டர் போட்டவனுக்கு இரண்டு கிலோ ஏலக்காய் போனது என்னால்தான், அனிற்றாவைத் திட்டாதே. கார்ட்காரர் விலாசம் லண்டன், பார்சல் போவது வேறு ஊரில் வேறு ஆள் பேருக்கு, இது சரியாம்மா என்று அவள் கேட்கத்தான் செய்தாள். அதிலென்னடி, நமக்கு என்னைக்குச் சொந்த விலாசம் இருந்துச்சு, உங்கப்பாவுக்கு வந்த கடிதமெல்லாம் தோட்டத்து வேலுசாமி கடை பேருக்குத்தானே வந்துச்சு, அனுப்பு என்று நான்தான் சொன்னேன். தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்தவளுக்கு அது சந்தேகமாகவே படவில்லை. கார்டைப் பறிகொடுத்த மனுஷர் முறையிட்டதும் பேங்க் நம்மிடமிருந்து காசைப் பிடித்து அவருக்குக் கொடுத்தது நியாயம்தான், ஆனால் நம் சரக்கு போனது போனதுதான். அதுக்காகப் பூட்டுவதா? இருபத்திரண்டு வருஷம் றப்பர் பால் வெட்டியவள், தோட்டத்து வேலைப் பதிவில் பேரை வெட்டச் சொல்லிவிட்டு இந்தக் கடைக்கு வந்தேன். மறுபடி போய் கங்காணி முன்னால் கைகட்டி நிற்க மாட்டேன்.

இதையும் கேள். வியாழக்கிழமை அந்தத் திருடன் திரும்ப வந்தான்! வேறு பேர், வேறு கார்ட், பார்சல் மட்டும் அதே வீட்டுக்கு. ஐந்து கிலோ வேணுமாம், அவசரமாம். கார்ட் பில் எந்த விலாசத்துக்கு வருகிறது, வீட்டு போன் நம்பர் என்ன என்று கேட்கச் சொன்னேன். என்னையே சந்தேகப்படுகிறீர்களா, வேறு கடைக்குப் போகிறேன் என்று பதில் போட்டான். அனிற்றா பயந்துவிட்டாள். நான் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீஷில் எழுதினாள். ஐயா, நான் கேகாலைக்கு பஸ்ஸில் போனாலே பொலிஸ் இறக்கி, நீ யார், எந்த ஊர், ஐசி அடையாள அட்டையைக் காட்டு என்று கேட்கிறார்கள், ஒரு தப்பும் பண்ணாத நானே காட்டுகிறேன், நீங்களும் காட்டுங்கள் என்று. ஆள் அதோடு சரி, ஆர்டரை விட்டுவிட்டு ஓடிவிட்டான். அதே கேள்வியை நோர்வேயிலிருந்து ஆர்டர் போட்ட ஒரு அம்மாவிடமும் கேட்டோம், சந்தோஷமாகப் பதில் எழுதினார், அவர் பார்சல் நாளைக்குத் தபாலில் போகிறது.

ஆகவே கடை திறந்தே இருக்கட்டும். பூட்டுகிற நாள் வந்தால் நான் பூட்டுவேன், எவனோ ஒரு திருடன் பூட்டக் கூடாது.

நேரத்துக்குச் சாப்பிடு, பூசைக்குப் போக முடிந்தால் விடாதே. மாதா உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காக்கட்டும். அந்த இரண்டு கேள்வியையும் நீ செய்து தந்த வெப்சைட்டில் ஆர்டர் பக்கத்திலேயே போட்டுவிடு, மறக்காதே. பதில் சொல்லாதவருக்கு இங்கிருந்து ஒரு ஏலக்காய்கூடப் போகாது.

உன் அம்மா
அருள்செல்வி