நீ ரோச் பிடித்துப் பார்த்த ஐம்பது கோதுகள்

மச்சான்,

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் குரோருட்டுக்கு என் வீடு தேடி வந்தாள். ஹொல்ம்லியாவில் உங்கள் வீட்டு நிலவறையைத் துப்பரவாக்கினார்களாம். கையில் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா. "அம்மா எறியச் சொன்னவா மாமா. நான்தான் உங்களிட்டைக் கொண்டுவந்தனான்," என்றாள். மூடியைத் திறந்தேன். உள்ளே துப்பாக்கி ரவைகளின் பித்தளைக் கோதுகள், நீ சுட்டு முடித்துப் பொறுக்கிச் சேர்த்தவை. எட்டு வருடம் மூடிக் கிடந்தும் கருகின வெடிமருந்து மணம் அப்படியே இருந்தது.

பிறகு அவள் கேட்டாள். "மாமா, அண்டைக்கு நீங்கள் அப்பாவோடை நிண்டனீங்கள்தானே? உண்மையா அவர் ரோச் பிடிச்சுப் பாக்க மறந்தவரோ? சாகும் மட்டும் தான் பாத்தனான் எண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தவர்."

தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போனேன். கேத்தல் கொதித்து நின்ற பிறகும் வெளியே வரவில்லை.

உன் செத்தவீட்டில் எல்லாரும் உன்னைப் பற்றி நல்லதாகத்தான் பேசினார்கள். தங்கமான மனுசன் என்று ஒருவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் வாயைப் பற்றி என்னிடம் கேட்டிருக்க வேண்டும். மற்றவனின் பிழையைக் கண்டால் உனக்கு அன்றைக்கு விருந்து. அதை நாலு பேருக்குப் பரிமாறாமல் நீ சாப்பிட மாட்டாய்.

துப்பாக்கிக் கழகத்துக்கு என்னைக் கூட்டிப்போனவன் நீதான். ஒரு அடுக்குமாடியின் கீழே, போர்க்காலத்துக்கென்று கட்டிய பதுங்கு அறையில் அது இருந்தது. "பங்கரிலை இருந்து தப்பி ஓடி வந்த சனம் நாங்கள், இஞ்சை நோர்வேயிலை பங்கருக்கை இருக்க விண்ணப்பம் குடுத்து நிக்கிறம்," என்று முதல் நாளே சொன்னாய். அன்றைக்கு நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

மற்றவர்கள் நீளக் குழலோடு நிற்க, நீ குட்டைக் குழல் றிவோல்வர் வைத்திருந்தாய். கடை ரவை போட்டால் அது நெருப்பைக் கக்கி மணிக்கட்டை உதறும். அதனால் நீயே ரவை நிரப்பத் தொடங்கினாய். பழைய கோதைக் கழுவி, அடியில் தீப்பொறி தரும் புதுக் கேப் பொருத்தி, மருந்து இட்டு, ஈயக் குண்டை வைத்து அழுத்துவாய். குட்டைக் குழலுக்கு மெதுவான ரவை போதும் என்று மருந்து கொஞ்சமாகத்தான் இடுவாய். ஆழமான கோதுக்குள் அது அடியோடு அடியாகக் கிடக்கும். தவறி ஒரே கோதுக்குள் இரண்டு தரம் மருந்து விழுந்தாலும் வெளியே சிந்தாது, கண்ணுக்கும் தெரியாது; சுட்டால் துப்பாக்கியே வெடிக்கும். அதனால்தான் ஐம்பது குழி வைத்த மரத்தட்டில் கோதுகளை நிறுத்தி, ஒவ்வொன்றுக்குள்ளும் ரோச் லைற் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் குண்டு வைப்பாய். "ரோச் பிடிக்காதவன் என்ரை மேசையிலை கை வைக்கக்கூடாது," என்பாய்.

என் ரவைகள் உனக்கு நல்ல பகிடி. ஒரு போட்டி நாளில், நான் குண்டைச் சரிவாக வைத்துவிட்ட ஒரு ரவையை எடுத்து நோர்வேக்காரர் கையில் கொடுத்தாய். "இது எங்கடை ஆளின்ரை வேலை. சுடேலாது, பல்லுக் குத்தலாம்," என்று அவர்களுடைய மொழியிலும் சொன்னாய். தமிழில் மட்டும் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். உன் கை முறிந்து போகவேணும் என்று அன்றைக்கு மனதார நினைத்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நாங்கள் இரண்டு பேரும்தான் கழகத்தின் ரவை நிரப்பும் அறையில் இருந்தோம். ஐம்பது கோதுக்கும் நீ மருந்து இட்டாய். ஒவ்வொன்றாக ரோச் பிடித்தாய். நான் கண்ணால் பார்த்தேன். அப்போது உன் மனைவியின் அழைப்பு வந்தது. கீழே சிக்னல் விட்டு விட்டு வந்ததால் படியேறிப் போனாய். போகும்போது "ஒண்டையும் தொட்டிடாதை" என்றாய்.

நான் தொட நினைக்கவில்லை. என் பெட்டியை எட்டி எடுத்தபோது ஜாக்கெட் கை தட்டில் பட்டது. ஓரத்து வரிசையில் ஆறேழு கோதுகள் கவிழ்ந்தன, மருந்து மேசையில் கொட்டியது. படியில் உன் சத்தம் கேட்டது. நீ இதை எப்படிச் சொல்லப்போகிறாய் என்பதும் எனக்கு அப்போதே கேட்டது. கழகத்தில் ஒரு விதமாக, கோயிலில் இன்னொரு விதமாக, என் பிள்ளைகளுக்கு முன்னால் வேறொரு விதமாக. தூரிகையால் கூட்டித் தள்ளினேன். கோதுகளை நிமிர்த்தி அவசரமாக மருந்து இட்டேன். எது கவிழ்ந்தது, எது கவிழாமல் நின்றது என்று குழம்பிவிட்டது; மருந்து இருந்த கோதுக்குள்ளேயே இன்னொரு தரம் இட்டேனோ தெரியாது. ரோச் லைற் பக்கத்தில்தான் கிடந்தது. நீ உள்ளே வந்தாய், உட்கார்ந்தாய், குண்டுகளை வைத்து அழுத்தத் தொடங்கினாய். நான் வாய் திறக்கவில்லை.

வியாழக்கிழமை உன் றிவோல்வர் வெடித்தது. உருளைக்குள் இரண்டாம் முறை ரவைகளைப் போட்டு நீ சுட்ட முதல் ரவை. உருளை பிளந்து, உன் வலக்கையில் இரண்டு விரல் போனது. பொய்ப்பல் செய்யும் கூடத்தில் இருபது வருடம் வேலை செய்த விரல்கள்.

விசாரித்தபோது இடக்கையால் எழுதிக் கொடுத்தாய், உன் கவனக்குறைவுதான் என்று. வேறு என்ன எழுதுவாய்? ரவைப் பெட்டியில் ஒட்டியிருந்தது உன் பெயர். எனக்கு அன்றைக்கு வந்தது நிம்மதி, மச்சான். அதை மறைக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு உன் வாய் அடங்கிப்போனது. வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் திரும்பிப் போய்ப் பார்ப்பாய். அடுப்பை அணைத்தாயா என்று மனைவியைக் கேட்பாய். ஒருநாள் கோப்பையை இடக்கையால் தூக்கிக்கொண்டு என்னிடம் கேட்டாய்: "மச்சான், நான் ரோச் பிடிச்சனான்தானே? எனக்கு ஞாபகம் இருக்குது. நீயும் பக்கத்திலை நிண்டனி."

"தெரியேல்லை மச்சான். வயசு போகுதெல்லோ," என்றேன். ஒரு சொல் போதும் என்று தெரியும். ஆனால் நீ தலையைக் குனிந்து "ஓம், ஓம்" என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. இருபது வருடத்தில் முதல் தடவையாக என் பக்கம் வென்றிருந்தது.

இப்போது கழகத்தில் நிரப்பும் அறைக்கு நான்தான் பொறுப்பு. புதிதாக வருகிறவர்களுக்கு உன் கதையைத்தான் சொல்கிறேன். என் நண்பர் ஒருவர் ரோச் பிடிக்க மறந்தார், கையைப் பாருங்கள் என்று இரண்டு விரலை மடித்துக் காட்டுவேன். எல்லாரும் கவனமாகக் கேட்கிறார்கள்.

தேத்தண்ணியோடு வெளியே வந்தேன். உன் மகள் பொறுமையாக இருந்தாள், உன்னுடைய அதே நெற்றியோடு.

"ஓம் பிள்ளை, மறந்துதான் போனார். ஆருக்கும் வாறதுதானே."

அவள் டப்பாவை மூடினாள். "அப்ப சாகும் மட்டும் எங்களுக்குப் பொய்தான் சொன்னவர்," என்றாள். பிறகு சீனி கேட்டாள்.

நடந்தது முழுவதையும் இதில் எழுதிவிட்டேன். நோர்வே மொழியில் எழுத எனக்கு நன்றாகவே வரும். உன் மகள் தமிழ் கதைப்பாள், வாசிக்கத் தெரியாது. அதனால்தான் தமிழில் எழுதினேன்.