பல் தெரியச் சிரிக்காத என் தங்கை குறித்து

அனுப்புநர்
சி. சுபிதா (வயது 22),
த/பெ சிலுவைராஜ், மீன்பிடித் தொழில்,
படகு ஜெட்டி அருகில், லாங் ஐலண்ட்,
மத்திய அந்தமான்.

பெறுநர்
பொறுப்பு அலுவலர் அவர்கள்,
கோடை விடுமுறைக் குழந்தை நலத் திட்டப் பிரிவு,
போர்ட் பிளேர்.

பொருள்: இரண்டாம் வகுப்பு மாணவி சி. ஜெயராணி (வயது 7) "மகிழ்ச்சியற்ற குழந்தை" என அறிவிக்கப்பட்டதை ரத்து செய்து, பத்து நாள் முகாமிலிருந்து விடுவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் பிரிவின் 12.05.2025 நாளிட்ட ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

மேற்படி ஜெயராணி என் தங்கை. அவள் சார்பில் கீழ்க்கண்டவற்றைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

1. விடுமுறையில் குழந்தைகளின் உடலும் மனமும் நலமாக இருக்கவேண்டும் என்று தங்கள் பிரிவு இருபது செயல்பாடுகளின் பட்டியலை அனுப்பியது. ஒவ்வொன்றாகச் செய்து, குழந்தை மகிழ்ச்சியாக இருப்பதைப் படம் எடுத்து, தினமும் மாலை ஆறு மணிக்குள் செயலியில் ஏற்றவேண்டும். நல்ல நோக்கம்தான். எங்கள் அம்மா கிரேசி அந்தப் பட்டியலை மாதா படத்துக்குக் கீழேயே ஒட்டிவைத்தார்.

2. எங்கள் தீவில் படம் ஏறுகிற அளவுக்கு சிக்னல் கிடைப்பது ஜெட்டியின் கடைசி முனையில் மட்டும். ஆகவே நான்கு மணிக்குக் கடலில் குதித்துக்கொண்டிருக்க வேண்டிய பிள்ளைகள் எல்லோரும், தாங்கள் விளையாடுவதை நிரூபிப்பதற்காக, ஆறு மணிவரை அங்கே வரிசையில் நிற்கிறார்கள்.

3. மூன்றாம் செயல்பாடு: குழந்தையை ரயிலில் தாத்தா பாட்டி வீட்டுக்கு அழைத்துச் செல்லுதல். அந்தமானில் ரயில் இல்லை என்பதைத் தங்களுக்கு நான் எழுதித் தெரிவிக்கவேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது.

4. ஆறாம் செயல்பாடு: நீர்நிலை ஓரம் இருபது நிமிடம் அசையாமல் அமர்ந்து இயற்கையைக் கவனித்தல். எங்களுக்கு அருகிலுள்ள நீர்நிலை ஓர் உப்பங்கழி. அதன் கரையில், முதலை இருக்கிறது, அருகே வராதீர் என்று அரசே பலகை வைத்திருக்கிறது. அங்கே இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால் இயற்கையே எழுந்து வந்து நம்மைக் கவனிக்கும். இருந்தாலும் ஆணையை மதித்து, தண்ணீரிலிருந்து தள்ளி, அந்தப் பலகையின் பக்கத்தில் அவளை இரண்டு நிமிடம் உட்காரவைத்தோம். அப்பா துடுப்போடு பின்னால் நின்றார். செயலியில் வந்த பதில்: "குழந்தையின் முகத்தில் அச்சம் தெரிகிறது. பின்னணி இனிமையாக இருக்கட்டும்."

5. இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மே 2 அன்று ஜெயராணி ஜெட்டியிலிருந்து எட்டுமுறை கடலில் குதித்தாள். எட்டாவது முறை, ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த மேல் முன்பல் கடலோடு போய்விட்டது. பக்கத்துப் பல் மூன்று நாள் கழித்து ஒரு மாங்காயில் மாட்டிக்கொண்டு வந்தது. அன்று மாலை படவரிசையில் நின்றபோது டீக்கடைக்காரர், "அரே பொக்கைவாய், தோடா ஹஸ் தோ!" என்று கொஞ்சம் சிரித்துக்காட்டச் சொன்னார். வரிசை முழுவதும் சிரித்தது. அதன் பிறகு ஜெயராணி போனுக்கு முன்னால் வாயைத் திறப்பதில்லை. மற்ற நேரங்களில் மூடுவதில்லை.

6. தங்கள் செயலியில் பல் தெரிந்தால் "மகிழ்ச்சி". தெரியாவிட்டால் "கவனம் தேவை". பல் விழுந்ததை வகுப்பாசிரியர் பாலகுமார் அவர்களிடம் தெரிவித்தோம். விடுமுறைக்கு மெயின்லேண்ட் போயிருக்கும் அவர் குரல்பதிவு அனுப்பினார்: "பல்லு தெரியணும்மா. மேல கேக்குறாங்க, நான் என்ன பண்ண?" பின்னால் அவருடைய பிள்ளைகள் கூச்சலிட்டு விளையாடுவது நன்றாகக் கேட்டது. அவர்களை யாரும் படம் எடுக்கவில்லை என்று நம்புகிறேன்.

7. ஏழு நாள் பல் தெரியாததால், மே 19 முதல் 28 வரை போர்ட் பிளேரில் நடக்கும் "மகிழ்ச்சி முகாமில்" அவள் தங்கவேண்டும் என்று ஆணை வந்திருக்கிறது. பெற்றோருக்கு அனுமதி இல்லை. போர்ட் பிளேரில் அவள் பார்த்திருப்பது ஒரே ஓர் இடம், பள்ளிச் சுற்றுலாவில் காட்டிய பழைய சிறை. "நான் சிரிக்கலன்னு என்னைய அங்க போட்டுருவாவளாக்கா?" என்று கேட்கிறாள். இரண்டு நாளாகக் கடலுக்குப் போகவில்லை. கண்ணாடி முன் நின்று, உதட்டால் ஓட்டையை மறைத்துக்கொண்டு கீழ்ப்பல்லை மட்டும் காட்டிச் சிரிக்கப் பழகுகிறாள். எங்கள் வீட்டில் இப்போது ஒரு மகிழ்ச்சியற்ற குழந்தை இருப்பது உண்மைதான். அது தங்கள் ஆணைக்குப் பிறகு உண்டானது.

8. இந்தப் பத்து நாளில் அவளுக்கு மல்லாந்து மிதக்கக் கற்றுத்தருவதாக அப்பா சொல்லியிருந்தார். அதற்காகத் தொழிலுக்குப் போகாமல் நிற்கிறார். மழை இறங்கிவிட்டால் கடல் கலங்கிவிடும். பிறகு அடுத்த ஆண்டுதான். கடலில் குதிக்கிற பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை கேட்டு நான் இரண்டு மனு கொடுத்தேன். ஒன்றரை ஆண்டாகப் "பரிசீலனையில் உள்ளது". மூழ்கக்கூடிய பிள்ளைக்கு ஒன்றரை ஆண்டு, சிரிக்காத பிள்ளைக்கு ஏழே நாள். இந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று அறிய விரும்புகிறேன்.

ஆகவே, 17ஆம் தேதிப் படகு புறப்படுமுன் மேற்படி ஆணையை ரத்து செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். நேரில் ஆய்வு செய்தால்தான் முடியும் என்றால் தாங்களே அதற்கு முந்தைய படகில் வரலாம். நான்கு மணிக்கு ஜெட்டிக்கு வந்தால் போதும். போனை மட்டும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அவள் சிரிப்பாள்.

இப்படிக்கு,
சி. சுபிதா

இடம்: லாங் ஐலண்ட்
நாள்: 14.05.2025

இணைப்பு:
1. ஆணையின் நகல்.
2. முதலைப் பலகையுடன் எடுத்த படம்.
3. மேல் முன்பல் ஒன்று, காகிதத்தில் மடித்தது. (மற்றொன்று கடலில் உள்ளது.) இதைக் கூரைமேல் எறிந்தால்தான் புதுப்பல் முளைக்கும் என்று ஜெயராணி நம்புவதால், ஆய்வு முடிந்ததும் தவறாமல் திருப்பி அனுப்பவும்.