பள்ளத்தை அளந்தது நான்தான்

என் பர்வீனுக்கு,

எந்தக் கணக்கிலும் நீ கடைசி விடையைத்தான் முதலில் பார்ப்பாய். அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தப் பள்ளத்தைத் தவறாக அளந்தவள் நான்.

நினைவிருக்கிறதா? சித்திரக்கதையில் நாயகன் ஒரே குத்தில் மலையைத் தகர்ப்பான், அந்த இடத்தில் பெரிய பள்ளம் விழும். அந்த வெடிப்புக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று மார்சிலிங்கில் உன் வீட்டுத் தரையில் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். பள்ளத்தின் ஓரத்தில் வரைந்திருந்த கார்தான் நமக்கு அளவு. ஸ்கேல் பிடிப்பது என் வேலை, மற்றதெல்லாம் உன்னுடையது.

"இது ஆரமா, விட்டமா?" என்று கேட்டாய்.

"ஆரம்தான் லா," என்றேன்.

எனக்குச் சந்தேகம் இருந்தது. பள்ளியைப் பாதியில் விட்டவளுக்கு இதுகூடத் தெரியவில்லை என்று நினைத்துவிடுவாயோ என்று பயந்தேன். நான் அளந்தது பள்ளத்தின் முழு அகலம். ஆரம் இரட்டிப்பானதால் பள்ளத்தின் கன அளவும், அதோடு விடையும், எட்டு மடங்காகிவிட்டது.

அதை உன் பெயரில் நம் இணையக் குழுவில் போட்டாய். உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். "எட்டு மடங்கு பர்வீன் வந்துட்டாங்க, எல்லாரும் ஓடுங்க!" அதன்பிறகு நீ எதை எழுதினாலும் அதே கேலி.

நீ என்னைக் காட்டிக் கொடுக்கவே இல்லை. "விடு லா, வெடிச்சது மலைதானே, நாம இல்லையே," என்று சிரித்தாய். உன் காய்ச்சல் முற்றி மருத்துவமனையில் கிடந்தபோது, இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏதேதோ பேசினேன். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். இதை ஏன் பேசவில்லை?

இப்போதும் தேக்காவில் அதே கடையில்தான் சேலை மடிக்கிறேன். போன வாரம் உன் உம்மா அங்கே வந்தார்.

"புள்ள அந்தக் குழுவுல என்னதான் எழுதுனா? எல்லாத்தையும் எனக்குப் படிச்சுக் காட்டுறியா, மீனா?"

எல்லாவற்றையும் என்றால் அந்தக் கேலியையும்தானே? கையில் சேலையோடு நின்றபடியே நடந்ததைச் சொல்லிவிட்டேன். உம்மா திட்டவில்லை.

"அவகிட்ட சொன்னியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன். அன்று முழுக்க ஒரு சேலையைக்கூட என்னால் ஒழுங்காக மடிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். உம்மாவுக்குப் படிப்பதற்கு முன்பே, குழுவில் நீ போட்ட அந்தக் கணக்கின் கீழே சரியான அளவையும், தவறாக அளந்தவள் பெயரையும் எழுதிவிடுவேன். யார் சிரித்தாலும் அழிக்க மாட்டேன். நீ போட்ட வழிமுறையில் ஒரு பிழையும் இல்லை என்று உம்மாவிடம் வாய்விட்டுச் சொல்வேன்.

உன் கூடப்பிறக்காத தங்கை,
மீனா