நாத்தனார் முடிச்சு

குறிஞ்சிப்பாடி,
செவ்வாய்க்கிழமை.

சிதம்பரத்தில் நர்சுக்குப் படிக்கும் பேத்தி சிந்துஜாவுக்கு ஆயா முத்தம்மாள் எழுதுவது. இங்கே எல்லாரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் பேசினால் உன் அப்பன் காதில் விழும். அதனால் கடிதாசியாக எழுதி, அங்கே வரும் பக்கத்து வீட்டு சுப்பராயலு கையில் கொடுத்தனுப்புகிறேன். பிழை இருந்தால் சிரிக்காதே, நான் மூணாவதோடு நின்றவள்.

வெள்ளிக்கிழமை கொளஞ்சியைக் கடலூரில் ஒரு முதியோர் இல்லத்தில் விட்டுவிடுவதாக உன் அப்பன் முடிவு பண்ணிவிட்டான். சொந்த அத்தையை!

அவள் எனக்குச் செய்தது உனக்குத் தெரியும். என் கல்யாணத்தில் நாத்தனாராக நின்று மூன்றாவது முடிச்சு போட வேண்டியவள், தனக்கு எடுத்த புடவை கத்தரிப்பூ நிறமில்லை என்று வைக்கோல்போருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். கடைசியில் யாரோ ஒரு சித்தப்பா மகள் போட்டாள். நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

கொளஞ்சிக்கு இப்போது சாப்பிட்டதுகூட நினைவில்லை. அது மட்டும் இருக்கிறது பார். பொழுது சாய்ந்தால் இருப்புக்கொள்ளாமல் கூடத்துக்கும் வாசலுக்கும் நடக்கிறாள். பாவாடை நாடாவை எடுத்துக்கொண்டு, முகூர்த்தம் போவுது அண்ணி, திரும்பி உக்காருங்க என்று என் பின்னாலேயே வருகிறாள். ஒங்க அண்ணனே போய்ச் சேந்துட்டாரு, எந்தத் தாலிக்கு முடிச்சு என்று கத்திவிட்டேன். அண்ணன் அப்போதுதான் செத்தது போல மார்பில் அடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். மறுநாளும் கேட்டாள், சொன்னேன், ஓடினாள்.

மறதி நோய்க்காரர்களை எதிர்த்துப் பேசக் கூடாது, அவர்கள் நிற்கும் இடத்துக்கு நாம் போகணும் என்று பயிற்சியில் சொல்லித்தருவதாக நீதானே போனில் சொன்னாய்? போனேன். முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். நாடாவை என் கழுத்தில் கட்டி, முடிச்சு சரியாக விழுந்ததா என்று தடவிப் பார்த்தாள். அப்புறம் சோறு கேட்டு வாங்கித் தின்றுவிட்டுப் படுத்துவிட்டாள். இப்போது தினமும் இதுதான்.

எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். தாலி அறுத்தவள் கழுத்தில் மறுபடி கயிறா என்று தெருவெல்லாம் பேச்சு. உன் அப்பனுக்கு மானம் போய்விட்டதாம். அத்தையோட சேந்து ஒனக்கும் கழண்டுபோச்சா என்று என்னையே கேட்டான். எனக்கா! எந்த வயசில் எந்தச் சட்டையைக் கிழித்தான் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

அந்த இல்லத்தில் படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்கிறான். பார்ப்பார்கள். நாடாவோடு வந்து நின்றால் கழுத்தைக் கொடுப்பார்களா? ஆபத்து என்று பிடுங்கி வைத்துவிடுவார்கள். அப்புறம் அவள் ராவெல்லாம் நடப்பாள்.

என் கோபம் தீரவில்லை, அது வேறு. நீ வியாழக்கிழமைக்குள் வந்துவிடு. உங்கள் டீச்சரம்மா வந்தால் கையோடு கூட்டி வா. படித்தவர்கள் வாயால் சொன்னால்தான் உன் அப்பன் கேட்பான். இந்த நோய்க்கு வீடுதான் பக்குவம் என்று சொல். நான் கேட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு. நீ நல்லா இருக்கணும் சாமி.

ஆயா
முத்தம்மாள்