வேகத்தடைகளைச் சரிசெய்ய வேண்டாம்

அனுப்புநர்
வஜ்தி ஃபர்ஹாத்,
உரிமையாளர், ஃபர்ஹாத் கண்ணாடிப் பட்டறை,
மனை எண் 7, தொழில் மனைப் பகுதி,
கால்வாய்க்கரைச் சாலை, கஃப்ர் ஷல்பாயா.

பெறுநர்
பொறியாளர் ஷவ்கி தம்ராவி அவர்கள்,
தலைவர், கிராம உள்ளாட்சி அலுவலகம்,
கஃப்ர் ஷல்பாயா.

பொருள்: தொழில் மனைப் பகுதிச் சாலை – வேகத்தடைகள் – அகற்றக் கோருதல் (சரிசெய்ய அல்ல) – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து நான் செப்டம்பர் மாதம் அளித்த மனு. அதில் இடம்பெற்ற ஒரு வினைச்சொல்லை இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நன்றியில் தொடங்குவதே முறை. தொழில் மனைப் பகுதிக்குத் தங்கள் அலுவலகம் தார்ச்சாலை அமைத்துத் தந்ததை நான் நாள்தோறும் நினைத்துக்கொள்கிறேன். முன்பு அது வெறும் மண்பாதை. மழை பெய்தால் லாரி வராது. வந்து சேர்ந்த லாரி திரும்பிப் போகாது. மனை வாங்கியவர்களில் பாதிப் பேர் சுற்றுச்சுவரை மட்டும் எழுப்பிவிட்டு உள்ளே மாட்டுத் தீவனம் விதைத்திருந்தார்கள். இன்று அங்கே அட்டைப்பெட்டிக் கம்பெனி இருக்கிறது, அல்வாத் தொழிற்சாலை இருக்கிறது, அடியேனின் பட்டறை இருக்கிறது. திறப்பு விழாவில் தங்களது வலது காலணி புதுத் தாரில் ஒட்டிக்கொண்டதையும், தாங்கள் அதை அங்கேயே விட்டுவிட்டு ஒற்றைக் காலணியோடு உரையை முடித்ததையும் ஊரார் இன்றும் மரியாதையோடு பேசுகிறார்கள். சிரித்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். ஆனாலும் மரியாதையோடுதான்.

2. என் தொழில் முகம் பார்க்கும் கண்ணாடி. பீரோக் கதவுக்கும் அலங்கார மேசைக்கும் வேண்டிய அளவில் அறுத்து, விளிம்பு தேய்த்து, சட்டம் பொருத்தி அனுப்புகிறோம். என்னை நம்பி ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். சரக்கு முழுவதையும் தமியாத் நகரத்து மரச்சாமான் வியாபாரி ஒருவர் எடுத்துக்கொள்கிறார். கல்யாண வீடுகளுக்குப் படுக்கையறைச் சாமான் விற்பவர் அவர். கண்ணாடி பட்டறையிலிருந்து என் வேனில் கிளம்பி, கால்வாய்க்கரைச் சாலை முழுவதையும் கடந்து, ஊர் முனையில் நெடுஞ்சாலையில் நிற்கும் அவருடைய லாரிக்கு மாறவேண்டும். வேறு வழி கிடையாது. இந்தச் சாலை வருகிறது என்று கேள்விப்பட்டுத்தான் நான் மனையே வாங்கினேன்.

3. இனி குறைக்கு வருகிறேன். சாலை திறந்த வாரமே, நெடுஞ்சாலை முனையில் காப்பிக்கடை நடத்தும் ஹாஜி தொல்பா அவர்கள் தம் கடைவாசலில் முதல் வேகத்தடையைப் போட்டார். "வண்டி மெதுவானாத்தான்பா டிரைவருக்கு டீ ஞாபகம் வரும்" என்றார். வியாபாரியான நான் அதில் குற்றம் காணவில்லை. அடுத்தது உம்மு ஹாஷிம் என்னும் அம்மையார். அவர் வாத்து வளர்க்கிறார். "என் வாத்துங்க கால்வாய்க்குக் குளிக்கப் போவுதுங்க. ரெண்டு பக்கமும் பாத்து ரோட்டைத் தாண்ட அதுங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். மறுநாளே எதிர்வீட்டில் இருக்கும் அவருடைய கொழுந்தனாரும் ஒன்று போட்டார். அவருக்கு வாத்தும் இல்லை, கோழியும் இல்லை. "அண்ணி வீட்டு முன்னால இருக்கு, என் வீட்டு முன்னால இல்லேன்னா ஊர்ல என்னை எவன் மதிப்பான்?" என்பது அவர் தரப்பு வாதம்.

4. அதன்பிறகு யாரும் காரணம்கூடச் சொல்லவில்லை. நம் ஊர் வழக்கம் தாங்கள் அறியாததல்ல. ஒரு மூட்டை சிமெண்டும் வீடு கட்டி மிஞ்சிய ஜல்லியும் கையில் இருந்தால் போதும், அனுமதி என்ற பேச்சே எழாது. அஸர் தொழுகைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒன்று முளைத்துவிடுகிறது. காலி மனை முன்னால்கூட ஒன்று இருக்கிறது. மனைக்காரரை விசாரித்தேன். "நாளைக்கு வீடு கட்டுவேன்ல?" என்றார். எண்ணப் புகுந்தால் கைவிரலும் கால்விரலும் தீர்ந்துபோகின்றன. பள்ளிக்கூடத்துக்கும் பள்ளிவாசலுக்கும் முன்னால் இருப்பவற்றை நான் சொல்லவில்லை, அவை வேண்டும்.

5. கண்ணாடிக்கு ஒரு மேடு பெரிதல்ல. மெல்ல ஏறி மெல்ல இறங்கினால் தாங்கிக்கொள்ளும். ஆனால் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இத்தனை மேட்டில் ஏறி இறங்கினால் சட்டத்தின் ஆப்பு தளர்கிறது, அடிப்பலகை நகர்கிறது, கடைசியில் எங்காவது ஒரு மூலையில் விரிசல் ஓடுகிறது. எத்தனை சாக்கு போட்டுக் கட்டினாலும் இதே கதைதான். ஒவ்வொரு முறை உடையும்போதும் காப்பிக்கடை பெஞ்சிலிருந்து ஒரே குரலாக, "கெட்டது உடைஞ்சுபோச்சு, கெட்டது உடைஞ்சுபோச்சு" என்று வாழ்த்துகிறார்கள். உடைந்த பொருளோடு வரவிருந்த கேடும் போய்விட்டது என்று நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். என் தாயாரும் வீட்டில் கிளாஸ் கீழே விழுந்தால் அதையேதான் சொல்வார். ஆனால் ஐயா, அந்தக் கணக்குப்படி பார்த்தால் இங்கிருந்து கடற்கரை வரைக்கும் கெட்டது என்று ஒன்று மிஞ்சியிருக்கக் கூடாது. இதை அல்வாத் தொழிற்சாலைக்காரரிடம் சொல்லி வருந்தினேன். "எனக்கென்ன கவலை? அல்வா குலுங்குனா இன்னும் நல்லா இறுகும்" என்று ஆறுதல் கூறினார்.

6. தமியாத் வியாபாரி பொறுமைசாலி. ஆனாலும் போன வாரம் தொலைபேசியில், "வஜ்தி, நான் கட்டில் விக்கிறவன். கண்ணாடித் தூள் விக்கிறவன் இல்ல. இந்த மாசம் பாக்குறேன், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத" என்று சொல்லிவிட்டார். அவர் கைவிட்டால் பட்டறைக்குப் பூட்டுதான்.

7. இந்த நிலை வரக்கூடாது என்றுதான் செப்டம்பரிலேயே தங்கள் அலுவலகத்துக்கு ஒரு மனு அளித்தேன். "மேற்படி சாலையிலுள்ள வேகத்தடைகளை விரைந்து சரிசெய்து தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்" என்பது அதன் கடைசி வரி. பணிவாக இருக்கவேண்டும் என்று எண்ணித்தான் 'உடைத்தெறியுங்கள்' என்று எழுதாமல் 'சரிசெய்து' என்று எழுதினேன். அரசு அலுவலகம் ஒரு மனுவை இவ்வளவு வேகமாக நிறைவேற்றி நான் கண்டதே இல்லை. மறு வாரமே சாலைப்பணிக் குழு தார் டிரம்மோடு வந்து இறங்கியது. மனம் குளிர்ந்துபோய் அத்தனை பேருக்கும் அவரைப்பருப்பு வடையும் ரொட்டியும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பட்டறைக்குப் போனேன்.

8. மாலையில் திரும்பி வந்து பார்க்கிறேன், ஒவ்வொரு வேகத்தடையும் சரிசெய்யப்பட்டிருக்கிறது. ஓரம் பெயர்ந்தவற்றுக்குப் புதுத் தார் பூசி, தணிந்து கிடந்தவற்றை உயர்த்தி, எல்லாவற்றுக்கும் மஞ்சள் வரி அடித்திருந்தார்கள். உம்மு ஹாஷிம் வாசலில் நின்று கல்யாண வீட்டைப்போலக் குலவையிட்டுக்கொண்டிருந்தார். "என்ன மேஸ்திரி இது?" என்று குழுத்தலைவர் பயூமி அவர்களிடம் கேட்டேன். "நீங்கதானே சரிசெய்யச் சொல்லி எழுதிக் குடுத்தீங்க? அந்தக் கொழுந்தன் வீட்டுது அரைகுறையாக் கிடந்துச்சு, அதையும் முழுசா முடிச்சுட்டோம். நாங்களும் எத்தனையோ ஊர்ல வேலை பாக்குறோம், ஒருத்தராவது ஒரு நன்றி சொல்றாங்களா?" என்றார். நன்றி சொன்னேன். வேறென்ன செய்ய? வேலைத்தரத்தில் நான் துளியும் குறை சொல்லவில்லை. அன்றுமுதல் அந்த வேகத்தடைகளில் ஒரு விரிசல்கூட விழவில்லை. விழுவதெல்லாம் என் கண்ணாடியில்தான். இப்போது ஊரில் யாரைக் கேட்டாலும், "இது கவர்மெண்ட் மேடுப்பா, நாங்க எப்படித் தொடுறது?" என்கிறார்கள்.

9. இந்தப் பத்தி அலுவலகத்துக்குத் தேவையற்றது என்று தாங்கள் கருதினால் தாண்டிச் செல்லலாம். ஆனால் எனக்கு உண்மையில் முக்கியமானது இதுதான். ஹாஜி தொல்பா அவர்களின் மகள் இன்ஷிராஹைப் பெண் கேட்டிருக்கிறேன். எனக்கு வயது முப்பத்தாறு. கேட்கவே நெடுநாள் தயங்கினேன். ஹாஜி உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டுச் சொன்னது இது: "தம்பி, உன்மேல ஒரு குறையும் இல்ல. ஆனா தெனமும் என் கடைவாசல்ல ஒடைஞ்ச சாமானோட போறவனுக்குப் பொண்ணைக் குடுத்தா ஊரு என்ன சொல்லும்? ஒரே ஒரு லோடு, கீறல் இல்லாம என் கடையைத் தாண்டிப் போகட்டும். அன்னைக்கே ஃபாத்திஹா ஓதிக் கல்யாணப் பேச்சை முடிச்சிருவோம்." தம் கடைவாசலில் இருப்பதுதான் சாலையிலேயே பெரிய மேடு என்பதை நினைவில் வைத்துச் சொன்னாரா, மறந்து சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. கேட்கும் துணிவும் இல்லை.

10. அன்றிலிருந்து ஒவ்வொரு லோடும் அவர் கடையை அடையும்போது ஹாஜி ஹுக்காவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வருகிறார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேனைச் சுற்றிப் பார்க்கிறார். ஒரு மூலையில் விரலை வைக்கிறார். "இந்தா இருக்கு" என்கிறார். உண்மையாகவே வருத்தத்தோடுதான் சொல்கிறார். பெஞ்சில் இருப்பவர்கள் வழக்கமான வாழ்த்தைச் சொல்கிறார்கள். சென்ற வாரம் இன்ஷிராஹ் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த சமயத்தில் வேனருகே வந்து, "அப்பா கண்ணாடியைப் பாக்குறப்பல்லாம் நான் மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். எத்தனை நாளைக்குத்தான் புடிக்கிறது, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுப் போனாள். இதற்கிடையே மன்ஸூராவில் மருந்துக்கடை வைத்திருக்கும் அவளுடைய அத்தை மகன் வீட்டார் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பேச்சுக்கு வருகிறார்கள். நல்ல குடும்பம். மாத்திரை குலுங்கினால் உடையாது என்பதையும் நான் அறிவேன். அவள் வேண்டாம் என்று சொல்வாள்தான். ஆனால் தகப்பனார் வார்த்தையை மீறி அவளை அழைத்துவர எனக்கும் மனமில்லை, அவளுக்கும் மனமில்லை. அவர் சிரித்த முகத்தோடு ஃபாத்திஹா ஓதவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

11. எனவே தாங்கள் கருணைகூர்ந்து, கால்வாய்க்கரைச் சாலையில் தனியார் அமைத்து, பின்னர் அரசால் சரிசெய்யப்பட்ட வேகத்தடைகளை, மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்கு முன்பாக அகற்றித் தருமாறு வேண்டுகிறேன். அகற்றுதல் என்றால் சாலை மட்டத்துக்குச் சமமாகப் பெயர்த்தெடுத்து, எடுத்த தாரையும் ஜல்லியையும் டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோய்விடுதல் என்று பொருள். உயர்த்துதல், அகலப்படுத்துதல், வர்ணம் பூசுதல், பெயர்ப்பலகை வைத்தல் ஆகியவை இதில் அடங்கா. மேஸ்திரி பயூமி அவர்களுக்கு இதை வாய்மொழியாகவும் சொல்லிவிட்டால் நலம். வாத்துகள் தாண்டும் நேரத்தில் சாலையில் ஆள் நிறுத்தி வண்டிகளை மறிக்க என் பட்டறையார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உம்மு ஹாஷிம் அவர்களும் அரைமனதாகச் சம்மதித்துவிட்டார். கொழுந்தனாரின் மதிப்புக்கு மட்டும் என்னால் மாற்று ஏற்பாடு செய்ய முடியவில்லை. தாங்கள் ஒருநாள் அவர் வீட்டில் ஒரு டீ குடித்தால் போதும் என்று நினைக்கிறேன்.

12. இறுதியாக ஒரு விதிவிலக்குக் கோருகிறேன். ஹாஜி தொல்பா அவர்களின் கடைவாசலில் உள்ள மேட்டை மட்டும் எடுக்க வேண்டாம். இதைப் படித்ததும் தாங்கள் என்னைப் பைத்தியக்காரன் என்று நினைக்கலாம். வழியெல்லாம் சீராக இருந்தால் அந்த ஒன்றை நான் இறங்கி, வேனைத் தோள்கொடுத்துத் தாங்கியாவது கடந்துவிடுவேன். அதை விட்டுவைக்கச் சொல்வது மாமனாருக்குப் பயந்து அல்ல. வசந்தகாலத்தில் ஒருநாள், வேறெந்த மேடும் இல்லாத சமயம், வேனின் பக்கவாட்டில் பீரோக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு அந்த மேட்டில் ஊர்ந்து ஏறினேன். கடையிலிருந்து வெளியே வந்த ஒரு பெண் அந்தக் கண்ணாடியைப் பார்த்து முக்காட்டின் ஊசியைச் சரியாகக் குத்திக்கொண்டே வண்டியோடு நடந்தாள். அவள் பெயர் இன்ஷிராஹ் என்பதுகூட அன்று எனக்குத் தெரியாது. என்னைப் பார்க்கவே இல்லை. "மெதுவாப் போங்க கண்ணாடிக்காரரே, இன்னும் முடியல" என்றாள். ஐயா, அந்த மேடு இல்லாதிருந்தால் நானும் எல்லா வண்டியையும்போல வேகமாகப் போயிருப்பேன்.

ஆவன செய்வீர்கள் என்னும் நம்பிக்கையுடன்,

இடம்: கஃப்ர் ஷல்பாயா
நாள்: 8 நவம்பர் 2022

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
வஜ்தி ஃபர்ஹாத்