நாலாவது வெர்ஷன்

மஞ்சுளா,

களி கிண்டி மூடி வைத்திருக்கிறேன். கட்டி தட்டியிருக்கிறது. நீ உன் பாட்டைக் கிண்டுவது போல மூன்று வருடம் கிண்டியிருந்தால் சரியாகியிருக்கும்.

லேப்டாப்பைத் திறந்ததும் என்னைத் திட்டுவாய். உன் பாட்டின் அறுபத்தோரு வெர்ஷனில் அறுபதை ஒரேயடியாக அழித்துவிட்டேன். நாலாவது மட்டும்தான் மிச்சம். "இன்னும் பேஸ் சவுண்டு சரியில்ல" என்று சொல்லியே நீ கிழவியாகிவிடுவாய்.

இன்று சந்தை. புதூர்நாட்டு மலையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது என் ஜீப்பில் அதைத்தான் போடுவேன். பதினெட்டுப் பேர் கேட்டே ஆகவேண்டும். ஓடுகிற வண்டியிலிருந்து யாரும் குதிக்கமாட்டார்கள். சிக்னல் கிடைக்கும் வளைவில் நிறுத்தி, உன் பெயரிலேயே யூடியூபிலும் ஏற்றிவிடுவேன்.

நேற்று, "பாட்டப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்?" என்று கேட்டாய். ஒன்றும் தெரியாது. எனக்கு ஹாரன்தான் வாசிக்க வரும். ஆனால் நீ புளி தட்டும் சத்தத்தையே தாளமாக்கியது நாலாவதில்தான் அப்படியே இருக்கிறது. நடுவில், "மஞ்சு, டீ ஆறுது!" என்று நான் கத்துவதும் இருக்கிறது. ஐந்தாவதில் என்னை வெட்டிவிட்டாய்.

நீ வெளியே போவதானால், வீட்டுச் சாவி உரலுக்கு அடியில்.

– ராஜாக்கண்ணு

நீ மறுபடி கிண்ட ஆரம்பிக்காமலிருக்க, லேப்டாப் சார்ஜரும் என்னோடுதான் வருகிறது. தேடாதே.

டீ போட்டிருக்கிறேன். இன்று கத்த ஆளில்லை, ஆறுவதற்குள் குடித்துவிடு.