இரண்டு சட்டி ஆணம்

ஏப்ரல் 13, திங்கள்

காலையிலேயே வெயில். கிணற்றில் வாளி கல்லில் இடிக்கிறது. கயிறு மாற்ற வேண்டும்.

பெருநாள் முடிந்து மூணு நாள். நோன்பு மாதம் பகல் முழுக்க வாயில் புகையிலை கிடையாது. ராத்திரி சேர்த்து வைத்துப் போடுவதுதான் வழக்கம். இந்தத் தடவை கடைசி வாரத்தில் ராத்திரியும் நிறுத்தியாச்சு. மதுரை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டு, இன்றோடு விட்டுவிடு என்றார். விடுகிறேன்.

இனி அந்தப் பேரை எழுதுவதில்லை. எழுதினாலே எச்சில் ஊறுகிறது. பு. போதும்.

பிழைப்பே பு. மூட்டை அடுக்கும் கிட்டங்கியில்தான். வருகிற சிப்பத்தில் ஒரு இலை கிள்ளி, கடித்து, காரம் எப்படி என்று சொல்வது என் வேலை. நோன்பில் எனக்குப் பதிலாக எடை போடும் கருப்பையா கடித்தான். இன்று முதல் மறுபடி நான். மூக்கால் மட்டும் பார்த்து அனுப்பினேன். முதலாளி கவனிக்கவில்லை. கருப்பையா கவனித்துவிட்டான்.

"எதுக்காக விடுறீரு?"

"டாக்டர் சொல்லிட்டாரு."

"அது டாக்டரோட நெனப்பு. உமக்குன்னு ஒண்ணு வேணும்ல? இல்லைன்னா நாலு நாள் தாங்காது ராவுத்தரே."

இவனெல்லாம் எனக்குப் புத்தி சொல்கிற காலம்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒண்ணு. கிட்டங்கி லீவு. லீவுதான் பெரிய தொந்தரவு.

வாயில் போட்டுப் பார்த்தவை: கிராம்பு, சோம்பு, வறுத்த புளியங்கொட்டை. புளியங்கொட்டையில் கடைவாய்ப் பல் போகப் பார்த்தது.

தலைவலி. பிள்ளைகள் சத்தம் போட்டதற்குக் கையை ஓங்கிவிட்டேன். என் மனைவி மைமூன் குறுக்கே வந்து நின்றாள். பிள்ளைகளை உள்ளே அனுப்பினாள். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

எதுக்காக? சாவு பயம் என்று எழுதலாம். ஆனால் அந்தப் பயம் வீட்டுக்குள் இருக்கும்வரைதான். பெட்டிக்கடையைத் தாண்டும்போது தேடினால் காணோம்.

ஏப்ரல் 16, வியாழன்

அசதி. கால் இரண்டும் இரும்பு. கயிறு இன்னும் வாங்கவில்லை.

மத்தியானம் சோறு, ஊற்றிக்கொள்ளக் கத்தரிக்காய் ஆணம். ஒரு வாய்தான் வைத்தேன். உப்பு கரித்தது, காரம் காதில் அடித்தது. "இதை மனுசன் திம்பானா?" என்று கத்தினேன்.

மைமூன் கரண்டியைக் கீழே வைத்தாள். "அம்புட்டும் நீங்க கேட்ட உப்புத்தான். கல்யாணம் ஆன நாள்லருந்து பத்தலை, பத்தலைன்னு சொன்னது யாரு?"

சின்னவள் நூர்ஜஹான் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அத்தா, இதைத் தின்னு பாருங்க. எங்க சட்டி."

நல்ல ருசி. கத்தரிக்காய் கத்தரிக்காயாகவே இருந்தது.

எங்கள் வீட்டில் இரண்டு சட்டி ஆணம் கொதிப்பது எனக்கு இன்றுதான் தெரியும். பிள்ளைகளுக்கு முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் உப்பும் மிளகாயும் அள்ளிப் போட்டு எனக்கு. பு. போட்டுப் போட்டுச் செத்துப்போன என் நாக்குக்குத் தனிச் சமையல்.

"நீ எதுல சாப்பிடுவே?"

"உங்க சட்டி மிச்சத்தை யாரு திங்கிறது? வீணாக்கவா முடியும்?"

தினமும் ராத்திரி அவள் சீரகத் தண்ணி குடிப்பது நினைவுக்கு வந்தது. வயிற்றெரிச்சல், சூட்டு உடம்பு என்பாள். நானும் சூட்டு உடம்பு என்றே நம்பி, இளநீர் குடி என்று சொல்லிவிட்டுப் போவேன்.

மனசு கேட்கவில்லை. படுத்தும் தூக்கம் வரவில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து வருகிற வழியில் கயிறு வாங்கினேன்.

கருப்பையாவிடம் சொன்னேன்: எதுக்காகன்னு கேட்டேல்ல, வீட்ல ஒரே சட்டி கொதிக்கணும், அதுக்காகத்தான். சிரித்தான். அப்புறம், "என் வீட்ல எத்தனைன்னு தெரியலையே" என்றான்.

ராத்திரி எல்லாருக்கும் ஒரே ஆணம். என் தட்டுப் பக்கத்தில் எப்போதும் இருக்கும் உப்புக் கிண்ணத்தை மைமூன் எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். சந்தோஷமாக இருந்தது. உடம்புதான் அடித்துப் போட்ட மாதிரி.

ஏப்ரல் 20, திங்கள்

வேடசந்தூர்ச் சிப்பம். நல்ல நிறம், நல்ல வாசம். சரி என்றேன். முதலாளி வந்து தானே ஒரு இலை கிள்ளி வாயில் போட்டார். முகம் மாறியது.

"சப்புன்னு இருக்கு. மூக்கை வச்சுக்கிட்டு நானே வாங்கிருவேனே, நீரு எதுக்கு? நோன்பு முடிஞ்சிருச்சுல்ல? நாளைக்கு ஒழுங்காக் கடிச்சுச் சொல்லும்."

எல்லார் முன்னாலும்.

ஏப்ரல் 21, செவ்வாய்

கடித்தேன்.

நாக்கு முன்னைவிடக் கூர்மை. எது காரம், எது பதம் தப்பியது, ஒன்றுகூடத் தப்பவில்லை. முதலாளி முதுகில் தட்டினார். கடைசி இலையை நான் துப்பவில்லை. அதுதான் உண்மை.

வேப்பங்குச்சி, கரித்தூள், ஏலக்காய். இத்தனைக்குப் பிறகுதான் வீட்டுக்குள் போனேன். மைமூன் சோறு போட்டாள். உப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்தாள்.

அவள் திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 22, புதன்

புழுக்கம். மழை வருகிற மாதிரி வந்து, ஏமாற்றிவிட்டுப் போனது.

முதலாளியிடம் போய் நின்றேன். கருப்பையா கடிக்கட்டும், நான் எடை போடுறேன்.

"இறக்கம்தான் ராவுத்தரே. அவன் சம்பளம் உமக்கு."

"தெரியும்."

"பொறவு வந்து கேட்டா வேலை இருக்காது."

"சரி." குரல் தைரியமாக வரவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன். கருப்பையா நோன்பில் கடித்துப் பழகியவன், சமாளிப்பான். அவன் வீட்டுச் சட்டியை நினைத்தால்தான் சங்கடமாக இருக்கிறது.

நாள் முழுக்கத் தராசு தூக்கித் தோள் கழன்றுவிட்டது. வீட்டுக்கு வந்தால் அடுப்பில் இரண்டு சட்டி. தராசுக்கு மாறிவிட்டதை மைமூனிடம் சொன்னேன்.

"நல்லதுதான். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். நேத்து மாதிரி மறுபடி வந்து நின்னா, யாரு திடீர்னு மிளகா அரைக்கிறது?"

எனக்குப் பிள்ளைகள் சட்டியிலிருந்து போட்டாள். அவள் என் சட்டியை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வீணாக்கக் கூடாதாம்.

நானும் அந்தச் சட்டியிலேயே கை வைத்தேன். கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

"உங்களுக்கு எதுக்கு இது? விடுங்க."

"நீ வைக்கிற வரைக்கும் நானும் திம்பேன்."

பாதிக்குப் பாதி தின்று முடித்தோம். படுக்கப் போகும்போது இரண்டு டம்ளரில் சீரகத் தண்ணி வைத்தாள்.